ஞாயிற்றுக்கிழமை எடுத்த நங்கூரம்

எங்கள் துறைமுக ஊரான போர்ட்மடோக்கில் ஓர் ஆணுக்கு அவன் வேலை பார்க்கும் கப்பல்தான் முதல் பெயர். எங்கள் ஊரில் ஒரே சமயத்தில் மூன்று கெதின் ப்ரைஸ்கள் இருந்தார்கள். ஒருவர் ரொட்டி சுடுகிறவர். இன்னொருவர் துறையில், கூரை வேயும் சிலேட்டுப் பலகைகளை எண்ணிக் கப்பலில் ஏற்றுகிறவர். மூன்றாமவரை 'எலுனெட்' கெதின் என்றார்கள். எலுனெட் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த இடம் அவருக்கு. என் அப்பா மைரிக் அதே கப்பலில் சமையல்காரர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அங்கே எத்தனையோ பேருடைய வாழ்க்கை வரலாறுகளைப் படித்தேன். எல்லோரும் எதையாவது வென்றவர்கள், அல்லது பெரிதாகத் தோற்றவர்கள். கெதின் அப்படிப்பட்டவர் இல்லை. அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியவில்லை. நடந்தபோது நான் அங்கே இல்லை. அப்பா சொன்னது, ஹூகின் என்ற மூத்த மாலுமி சொன்னது, கெதினே ஒரு முறை சொன்னது ஆகிய மூன்றும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போகின்றன. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கெதின் மலையில் பிறந்தவர். அப்பா, அண்ணன்கள் எல்லோரும் சிலேட்டுச் சுரங்கத்தில் கல் உடைத்தவர்கள். இவர் மட்டும் சிலேட்டோடு சேர்ந்து கடலுக்கு இறங்கிவிட்டார். அவர் முதலில் ஏறிய கப்பல்களில் நங்கூரம் எடுப்பது என்பது முதுகெலும்பைக் கேட்கிற வேலை. கப்பலின் முன்பகுதியில் குறுக்காக ஒரு பெரிய மர உருளை கிடக்கும். உருளை முழுவதும் துளைகள். ஆளுக்கொரு தடியைத் துளையில் செருகி, தொங்குவதுபோல் கீழே இழுக்க வேண்டும். கால் வட்டம் சுற்றியதும் தடியை உருவி அடுத்த துளையில் செருக வேண்டும். சங்கிலி ஒரு முழம் ஏறும். மறுபடி உருவு, மறுபடி செருகு. உருளை பின்னோக்கிச் சுழன்றுவிடாமல் ஒரு மரக்கட்டை நாக்குப்போல விழுந்து தாங்கும். அந்த நாக்கு நனைந்து தேய்ந்திருந்தால், அலையில் கப்பல் தலை தூக்கும்போது நழுவும். அப்போது உருளை சரசரவென்று பின்னால் சுற்றும். செருகியிருக்கும் தடிகள் மனிதர்கள்மேல் வீசும்.

எலுனெட்டில் அப்படித்தான் எலிஸ் என்பவர் இறந்தார். தடி மார்பில் அடித்தது. அடுத்த தடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கெதின். எலிஸின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்து, அவர் மனைவி அங்காரட்டின் வீட்டுக் கதவைத் தட்டியதும் அவர்தான்.

அதற்குப் பிறகு கெதின் ஒரே விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். இரும்பு உருளை வேண்டும். பெரிய துறைமுகங்களில் புதிதாக வந்திருந்த வகை அது. இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி. கிணற்றடியில் அடிபம்பு அடிப்பதுபோல் நிமிர்ந்து நின்று ஏற்றி இறக்கினால் போதும். உருளை தானே சுற்றும், தடி செருகத் தேவையில்லை. பல் வெட்டிய இரும்புச் சக்கரத்தில் இரும்பு நாக்குகள் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து தாங்கும். ஆறு பேர் வேலையை மூன்று பேர் செய்யலாம்.

எங்கள் ஊரில் ஒரு கப்பலை அறுபத்துநான்கு பங்காகப் பிரித்து வாங்குவார்கள். கறிக்கடைக்காரர், ஆசிரியர், பாய் தைப்பவர், விதவைகள் என்று எல்லோருக்கும் ஒன்றிரண்டு பங்குகள் இருக்கும். எலுனெட்டின் பங்குதாரர்கள் கெதின் பேச்சைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்கள். பழைய உருளை இன்னும் உளுத்துப்போகவில்லையே என்றார்கள். அங்காரட் மட்டும் எழுந்து நின்றார். எலிஸின் நான்கு பங்கு அவர் பெயரில் இருந்தது.

"உருளை உளுக்கல. என் புருஷன் போயிட்டாரு. ரெண்டுல எதுக்காக இங்க கூடியிருக்கோம்?" என்று கேட்டார்.

இரும்பு உருளை வந்தது. துறையில் வைத்து முதல் முறை இயக்கிப் பார்த்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஹூகின் கைப்பிடியை இரண்டு தரம் அடித்துவிட்டு, "யாராவது ஒரு வாளிய வைங்கப்பா. பாலு வருதா தண்ணி வருதான்னு பார்த்துருவோம்" என்றார். அங்காரட்டும் வந்திருந்தார். நாக்கு பல்லில் விழும்போது டணங் டணங் என்று சத்தம் வந்தது. கோயில் மணி அளவுக்கு இல்லை, ஆனால் அந்த ஜாதி. அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு வருடம் கழிந்தது. கடற்கரைப் பட்டறையில் ஒரு புதிய கப்பலுக்கு விலா எலும்புகள் எழுந்துகொண்டிருந்தன. எலுனெட்டைவிடப் பெரியது. பங்குதாரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். கெதின் கேப்டன் தேர்வு எழுதி ஏற்கெனவே தேறியிருந்தார். புதுக் கப்பல் அவருக்குத்தான் என்று ஊரில் பேச்சு. அவர் மனைவி ஷோனெட் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேப்டன் அறைக்கு என்று ஒரு பச்சைத் திரைச்சீலையைத் தைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரே ஒரு தடைதான். பாய் தைக்கும் டியூடர் எங்கள் ஊர் ஜெபக்கூடத்தின் மூப்பர். ஞாயிறு ஓய்வுநாளில் வேலை செய்கிறவனை அவர் மன்னித்ததில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு கேப்டன் ஞாயிறு காலையில் கப்பலைத் துறைக்குள் இழுத்துக் கட்டினார் என்பதற்காக, அடுத்த பயணத்துக்கு அவர் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

புதுக் கப்பலுக்குக் கேப்டனைத் தேர்ந்தெடுக்கும் பங்குதாரர் கூட்டம் நடக்கவிருந்த வாரத்துக்கு முந்தைய வாரம், எலுனெட் ஹாம்பர்க்குக்குச் சிலேட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மேற்குக் காற்று விடாமல் அடித்ததால், எல்லோரும் செய்வதுபோல் செயின்ட் டட்வல் தீவுகளுக்கு உட்புறம் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. எதிரே அபர்சோக் கிராமம். ஞாயிறு வந்தது. கேப்டன் ஹம்ஃப்ரி இரண்டு மாலுமிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு கரையில் இருந்த ஜெபக்கூடத்துக்குப் போனார். கப்பலில் மிஞ்சியவர்கள் கெதின், ஹூகின், என் அப்பா. அப்பா சனிக்கிழமையே உரித்து வேகவைத்திருந்த உருளைக்கிழங்கையும் உப்புக்கறியையும் சூடுபண்ணிக்கொண்டிருந்தார். சூடுபண்ணுவது வேலை ஆகாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

காற்று நின்றது. பிறகு கிழக்கிலிருந்து எழுந்தது.

அந்த இடம் மேற்குக் காற்றுக்குத்தான் மறைவு. கிழக்குக் காற்று வந்தால் பின்னால் இருப்பது கரை. கொஞ்ச நேரத்தில் அலை உயர்ந்தது. பக்கத்தில் கிடந்த சிறு கப்பல் ஒன்று சங்கிலியோடு கரைப்பக்கம் நகர ஆரம்பித்தது.

ஹூகின் முன்பகுதியில் நின்று சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்த்தார். நங்கூரம் அடியில் உழுதுகொண்டு நகர்ந்தால் சங்கிலியில் நடுக்கம் தெரியும்.

"வருங்காலக் கேப்டனே, நம்ம நங்கூரமும் நடக்கப் பழகுது" என்றார்.

"கேப்டன் படகுல வந்துருவாரு."

"இந்த அலையிலயா? அவரு சொர்க்கத்துக்கு வேணா போவாரு, இங்க வர முடியாது."

"ஹூகின், இன்னிக்கு என்ன கிழமை?"

"மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கிவிடலாம்னு வேதத்துலயே இருக்கு. இங்க மாடே நாமதான்."

"மாடு விழுந்துடுச்சான்னு யாரு முடிவு பண்றது?"

"விழுந்தப்புறம் மாடு முடிவு பண்ணிக்கும்."

கெதின் கரையைப் பார்த்தார். காற்று கப்பலிலிருந்து நேராக ஜெபக்கூடத்தை நோக்கி அடித்தது. டியூடரின் தங்கை குடும்பம் அந்தக் கூடத்தில் முன்வரிசையில் உட்காருவது அவருக்குத் தெரியும். பழைய மர உருளையாக இருந்தால் தொம் தொம் என்று மந்தமாகக் கேட்கும், காற்றில் கரைந்துவிடும். ஆனால் அதை இயக்க ஆறு பேர் வேண்டும். இந்த இரும்பு உருளையை மூன்று பேர் இயக்கலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் கேட்கும்.

அவர் சமையலறைக்கு வந்தார்.

"மைரிக், கிழங்குச் சாக்கு ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"நாக்குக்குக் கீழ வைக்க."

அப்பா சாக்கை உதறிக் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது என்று பிற்காலத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டார், கொடுத்தேன் என்பார்.

ஹூகின் சாக்கைப் பார்த்தார். "கடவுளுக்குக் காது மந்தமா?"

"கடவுளுக்குக் கேக்கட்டும். டியூடருக்குக் கேக்க வேண்டாம்."

சாக்கை மடித்துப் பல்சக்கரத்தின் மேல் போட்டு, ஓரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கைப்பிடிகளைச் செருகினார்கள். ஒரு பக்கம் அப்பாவும் ஹூகினும், மறுபக்கம் கெதின். அடிக்கத் தொடங்கினார்கள். நாக்கு சாக்கின் மேல் பொத்பொத்தென்று விழுந்தது. தலையணையில் குத்துவதுபோல் இருந்ததாம். பாட்டும் இல்லை. கெதின் வாய்க்குள்ளேயே "ஏத்து, இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொய்ந்து கிடந்த சங்கிலி ஏறி முடியும்வரை ஒரு குறையும் இல்லை. நன்றாகவே ஏறியது.

சங்கிலி செங்குத்தாக நின்றது. இனி நங்கூரம் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் உருளைமேல் முழுப் பாரமும் வரும். ஓர் அலை கப்பலின் தலையைத் தூக்கியது. நாக்கு பல்லுக்குள் உட்காராமல், சாக்கு மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அது வழுக்கியது.

உருளை பின்னால் சுற்றியது. கைப்பிடி மேல்நோக்கி எகிறி அப்பாவின் வலது முழங்கையில் அடித்தது. அப்பா தூக்கி எறியப்பட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு இடையில் விழுந்தார். சங்கிலி தீப்பொறி பறக்க வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கெதின் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக்குக் கீழே தவழ்ந்து போய், சாக்கை இரண்டு கையாலும் பற்றி, காலை உருளையைத் தாங்கும் தூணில் உதைத்துக்கொண்டு பிய்த்தார். சாக்கு கிழிந்து வந்தது. நாக்கு பல்லில் விழுந்தது. ஒரே ஒரு டணங். உருளை நின்றது.

ஹூகின் அப்பாவைப் பார்த்தார். "செத்துட்டியா?"

"இல்ல. கைதான்."

"அப்ப இன்னொரு கையோட வா."

எலும்பு முறிந்த கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அப்பா இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். இப்போது ஹூகின் உரத்த குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு. மர உருளைக்கு இழுத்து இழுத்துப் பாடுவதை, இந்தக் கைப்பிடியின் வேகத்துக்கு இரண்டு மடங்கு விரட்டிப் பாடினார்கள். டணங் டணங் என்று ஒவ்வொரு பல்லும் கரையைப் போய்ச் சேர்ந்தது.

ஜெபக்கூடத்தில் நடந்ததைக் கேப்டன் ஹம்ஃப்ரி பலரிடம் சொல்லியிருக்கிறார். போதகர் நீண்ட ஜெபத்தின் நடுவில் இருந்தார். சத்தம் வந்ததும் நிறுத்தினார்.

"யாரோட கப்பல் அது?"

"என்னோடது ஐயா."

"அப்ப ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க? போங்க."

கூடமே எழுந்து கடற்கரைக்கு ஓடியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எலுனெட்டின் நங்கூரம் நீரை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கப் பாய் மட்டும் விரிந்து, கப்பல் தீவைத் தாண்டித் திறந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிறு கப்பல் மணலில் ஏறிச் சாய்ந்து கிடந்தது. அதிலும் ஆள் யாரும் சாகவில்லை.

காற்று மறுபடி மேற்கே திரும்பிய பிறகு எலுனெட் அபர்சோக்குக்குத் திரும்பி வந்து கேப்டனை ஏற்றிக்கொண்டது. அப்பாவின் கையை மருத்துவர் கட்டினார். நாள் கடந்து கட்டியதால் முழங்கை மடங்கியே நின்றுவிட்டது. கேப்டன், அப்பாவைக் கவனிக்கவும் முன்பாயைச் சரிபார்க்கவும் கப்பலை ஊருக்கே கொண்டுபோனார். ஊர் முழுக்க கெதின் பேச்சாக இருந்தது. மூன்றே பேர் ஒரு கப்பலைக் காப்பாற்றினார்கள் என்றார்கள்.

கெதின் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"சாக்கு விஷயத்த நீ யார்கிட்டயும் சொல்லலயாமே" என்றார் கெதின்.

"உருளை நழுவிச்சான்னு கேட்டாங்க. ஆமா, நழுவிச்சுன்னேன். சாக்கப் பத்தி யாரும் கேக்கல."

"என்மேல கோவம் இல்லயா?"

"கோவம் இருக்கு. அது உனக்கும் எனக்கும் நடுவுல. பங்குக்காரங்களுக்கு அதுல பங்கு இல்ல."

இதை அப்பா எனக்குச் சொன்னபோது, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அப்பாவின் இடத்தில் நான் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். கெதினின் இடத்தில்? சாக்கைத்தான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். படித்ததால் அது மாறியிருக்குமா என்று தெரியவில்லை.

கூட்டம் எங்கள் ஊர் ஜெபக்கூடத்தை ஒட்டிய பள்ளி அறையில் நடந்தது. முதலில் எழுந்தவர் டியூடர். கெதின் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓய்வுநாளப் பத்தி என்கிட்டதான் கேப்பீங்கன்னு தெரியும்" என்றார் டியூடர். "என் தங்கச்சி அங்க இருந்தா. நடந்தத சொன்னா. உயிரு போற நேரத்துல செஞ்ச வேலை வேலையே இல்ல, அது இரக்கம். நான் அந்தக் கப்பல்ல இருந்திருந்தா நானும்தான் அடிச்சிருப்பேன். இவன மாதிரி நல்லாப் பாடியிருக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கெதின் சிரிக்கவில்லை. எந்தக் காதுக்குப் பயந்து அந்தச் சாக்கைக் கட்டினாரோ, அந்தக் காதில் சத்தம் விழுந்து, ஒரு குற்றமும் இல்லாமல் போய்விட்டது.

"அப்ப கை தூக்கிரலாமா?" என்றார் கறிக்கடைக்காரர்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அங்காரட். புதுக் கப்பலிலும் அவருக்குப் பங்கு இருந்தது. "கெதின், அந்த இரும்பு நாக்கு எப்படி நழுவிச்சு? நழுவாதுன்னுதானே வாங்கினோம்."

அறையில் யாரும் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பு தேயும், நனையும், எத்தனையோ பதில்கள் இருந்தன. கதவோரம் நின்ற ஹூகின் கூரையைப் பார்த்தார். அப்பா தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கு போட்டிருந்தேன்" என்றார் கெதின். "நாக்குக்கும் பல்லுக்கும் நடுவுல. சத்தம் கரைக்குக் கேக்கக் கூடாதுன்னு."

டியூடரின் முகம் சிவந்துபோனது. யாருக்குக் கேட்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உண்மைய சொல்லிட்டான்ல, அது போதாதா?" என்றார் கறிக்கடைக்காரர்.

"போதும், நல்ல மனுஷன்னு சொல்ல" என்றார் அங்காரட். அவர் குரலில் கடுமை இல்லை. "கெதின், எலிஸ வீட்டுக்குக் கொண்டுவந்தது நீதான். இந்த நாக்கக் கேட்டு வாங்கினதும் நீதான். அது பல்லுல விழுற சத்தத்தக் கேக்கத்தான் நான் அன்னிக்குத் துறைக்கு வந்தேன். அத நீ துணி வச்சு அடைச்சிருக்க. கடலுக்குப் பயந்து இல்ல, எங்களுக்குப் பயந்து. புதுக் கப்பல்ல ஏழு பேரு போவாங்க. தூரத்துல, எங்க காது எட்டாத இடத்துல நீ நல்லாத்தான் இருப்ப. ஆனா யாராவது பார்த்துக்கிட்டிருந்தா என்ன செய்வியோ, எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல அங்காரட் அம்மா" என்றார் கெதின்.

கை தூக்கினார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே எழுந்தன. புதுக் கப்பல் நெஃபின் ஊர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர் நல்ல கேப்டனாகவே இருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் டியூடர் கெதினின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அவ்வளவு பயங்கரமான ஆளா?" என்று கேட்டாராம். இரண்டு பேரும் கடைத்தெரு வரை சேர்ந்து நடந்தார்கள்.

வீட்டில் ஷோனெட் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நீங்களா சொன்னீங்களா, அவங்களாக் கண்டுபிடிச்சாங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"சரி, சாப்பிடுங்க" என்றார். அடுத்த வாரம் அந்தப் பச்சைத் துணி சமையலறைச் சன்னலில் தொங்கியது. துணியை வீணாக்குகிறவர் அல்ல அவர்.

புதுக் கப்பலை நீரில் இறக்கிய நாளில் கெதினும் போனார். அதில் இன்னும் புதிய ஏற்பாடு. மேல்தளத்தில் நின்றபடி சுற்றுகிற குடை மாதிரி ஒரு சக்கரம், கீழே அதோடு இணைந்த உருளை, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உட்காரும்படி குழிவெட்டிய பள்ளங்கள். நீராவியில் ஓடும் உருளைகள்கூட வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கெதின் குனிந்து நாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டுப் பார்த்தார். நெஃபின்காரர் பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு அண்ணே?"

"நல்ல இரும்பு. எண்ணெய் மட்டும் போடுங்க. வேற எதையும் போடாதீங்க."

அப்பாவின் கட்டைப் பிரிக்கும்வரை எலுனெட் காத்திருந்தது. சமையல்காரரை மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்னபோது, மைரிக் வராவிட்டால் தானும் வரவில்லை என்று கெதின் சொல்லிவிட்டார். கிளம்பிய காலையில் துறைக்கு வெளியே, மணல்மேட்டருகே நங்கூரத்தை எடுக்க வேண்டியிருந்தது. கேப்டனுக்கு அடுத்தவர் வழக்கமாகக் கைப்பிடியைத் தொடமாட்டார். முனையில் நின்று சங்கிலியைப் பார்த்துக் கட்டளை சொல்வார். கெதின் ஹூகினை முனைக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் மடங்கிய கைப்பக்கம் போய் நின்று கைப்பிடியைப் பிடித்தார். எதிர்ப்பக்கம் இரண்டு மாலுமிகள்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

முனையிலிருந்து ஹூகின் திரும்பிப் பார்த்து எண்ணினார். "அந்தப் பக்கம் நாலு கை, இந்தப் பக்கம் மூணு. என்ன கூட்டல்டா இது. பாட்டையாவது ஒழுங்காப் பாடுங்க."

கெதின் பாட்டை எடுத்தார். அப்பா இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார். அப்பா கடலை விட்டு இறங்கும்வரை, எலுனெட்டில் நங்கூரம் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான் நின்றார்கள்.